ஒரு சுற்று முன்னால்

1977 சித்திரை. பாவூர்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் சுடலைமாடன் கோயில் கொடை. சாமக்கொடை முடிந்து சாமியாடிகள் ஓய்ந்துவிட்டார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் வில்லைச் சாய்த்து வைத்துவிட்டுப் பந்தலிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். வேப்பமரத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய்களில் ஒன்று மாலையிலிருந்தே கரகரத்துக்கொண்டிருந்ததால், மாமா அதை இறக்கிச் சாக்கின் மேல் கிடத்தி, சத்தத்தைக் குறைத்து, ஒரு ஈ.பி. தட்டைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினொரு வயது. தூக்கம் வராமல், அந்தக் குழாயின் வாய்க்குள் பாதித் தலையை விட்டபடி படுத்திருந்தேன்.

முள் தட்டில் இறங்கியது. மண் சலிப்பதுபோல ஒரு சத்தம். அதற்குள் எங்கேயோ வெகு தூரத்தில், ஊர்க்கோடிக் கிணற்றடியில் நின்று யாரோ பாடுவதுபோல ஒரு பெண்குரல். ஒரே ஒரு இழுப்பு. பிறகு மௌனம்கூட இல்லை, அதே குரல் அதே இழுப்போடு என் காதுக்குள் பாட்டாகவே தொடங்கிவிட்டது.

எழுந்து உட்கார்ந்து மாமாவைத் திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் அது இருந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் பாட்டு.

மாமா தலையைக்கூடத் தூக்கவில்லை. "மாப்பிள்ளை வாரதுக்கு முந்தி மேளச் சத்தம் வரும்லா மருமவனே, அது மாதிரிதாம்லே" என்றார். அவருக்கு அது தெரிந்த விஷயம். 'முன்சத்தம்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். எந்தெந்தத் தட்டில் முன்சத்தம் உண்டு, எதில் கிடையாது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மறுநாள் ஆச்சியிடம் சொன்னபோது அவள் வேறு காரணம் சொன்னாள். கோயிலில் போடுகிற பாட்டை மாடன் முதலில் கேட்டுவிட்டுத்தான் நமக்கு விடுவார், உன் காதில் விழுந்தது அவருக்குப் போன பாட்டு என்றாள். நான் இரண்டையும் நம்பினேன். அடுத்த கொடைக்காகக் காத்திருந்தேன்.

என் அம்மாவின் ஒரே தம்பி அவர். அகுஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்று, குழாய்கள் நான்கு, மைக் இரண்டு, ஒரு கட்டு டியூப் லைட், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். இதுதான் அவருடைய மைக் செட். சடங்கு, கல்யாணம், கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே மாட்டு வண்டியில் போவார். கோடை விடுமுறை முழுக்க நானும் அந்த வண்டியில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அதிகமாக நான் காதால் படித்த காலம் அது.

மாமாவின் தட்டுகளில் குறையில்லாத தட்டு என்று ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கர்நாடக இசை எல்.பி.யில் நடுத்துளை ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தது. சினிமாப் பாட்டாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆலாபனையில் தெரிந்துவிடும், ஏனென்றால் பின்னால் தம்புரா இருக்கிறது. அசையாமல் நிற்க வேண்டிய ஷட்ஜம் கிணற்று ராட்டினம்போல ஏறி இறங்கும். சுற்றுக்கு ஒரு தரம், ஒழுங்காக. மாமா ஒரு சின்ன அரத்தால் அந்தத் துளையைப் பெரிதாக்கினார். பிறகு தட்டைச் சுற்றவிட்டு, பிக்கப்பின் கை உள்ளும் புறமும் ஆடுவதைப் பார்த்தபடியே, ஓரத்தில் விரலால் தட்டித் தட்டி இடம் நகர்த்தினார். கை ஆடாமல் நின்ற கணத்தில் தம்புராவும் நின்றது. சுருதி சேர்ப்பது என்பதை என் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

இன்னொரு தட்டு அவருக்கு அவமானத்தைக் கொண்டுவந்தது. புதிதாக வாங்கிய கல்யாணப் பாட்டுத் தட்டு, உறைகூடப் பிரிக்காதது. பெண் அழைப்பு நேரத்தில் அதைப் போட்டார். லேபிளில் மங்களமான ஒரு பாட்டின் பெயர் அச்சாகியிருந்தது. குழாயில் வந்ததோ புருஷனைப் பறிகொடுத்தவள் பாடுகிற பாட்டு. இரண்டு வரி போவதற்குள் முள்ளை எடுத்துவிட்டார், ஆனால் குழாய் கேட்காத காது அந்த ஊரில் இல்லை. பெண்ணின் பெரியப்பா மேடையேறி வந்து கேட்ட கேள்விகளுக்கு மாமா பதிலே சொல்லாமல் நின்றார். கூலி வாங்காமல் வீட்டுக்கு வந்தார். லேபிளைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைத் தட்டாக அழுத்துகிற அதே அச்சில், அதே சூட்டில் காகிதமும் பதிந்துவிடுகிறது என்று நான் பல வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். லேபிள் அடுக்கில் ஒரு கட்டு மாறிவிட்டால் அன்றைய தட்டுகள் எல்லாம் பெயர் மாறிப் பிறக்கும். அதற்குப் பிறகு வீட்டில் முழுவதும் போட்டுக் கேட்காமல் எந்தத் தட்டையும் மாமா வெளியே எடுத்துப் போனதில்லை. கேட்டு முடித்த தட்டின் லேபிளில் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். அந்தப் பொட்டுகள் இன்றும் அழியவில்லை.

கொடை இரவில் நான் கேட்ட அந்த ஈ.பி.க்கு வேறொரு விதி காத்திருந்தது. அந்த வருடத்துக் கூட்டமொன்றில் யாரோ மேடையை இடித்து, முள் தட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கீறல் ஆழம். இரண்டாவது சரணத்தில் அந்த இடம் வந்ததும் முள் ஒரு பள்ளம் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழுந்தது. மாமா பிக்கப்பின் தலையில் அலுமினிய ஐந்து பைசாவை ஒட்டிப் பார்த்தார், பத்துப் பைசாவையும் ஒட்டிப் பார்த்தார். முள் தாண்டியது தாண்டியதுதான். ஆனால் அந்தத் தாண்டல் ஒரு விதத்தில் நயமாக விழுந்திருந்தது. இரண்டு சொற்கள் காணாமல் போயின, தாளம் மட்டும் அதிகம் இடறவில்லை. புதுத் தட்டு வாங்கக் காசில்லாமல், மாமா அதையே ஐந்தாறு வருடம் ஊர் ஊராகப் போட்டார்.

எங்கள் பகுதியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பாட்டை அந்த இரண்டு சொற்கள் இல்லாமல்தான் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கும்மியடித்த பெண்கள் அந்த இடத்தில் ஒரு எட்டு முன்னால் தாவினார்கள். அது ஆட்டத்தின் அடவு என்றே டீச்சரும் நினைத்தார். இலங்கை வானொலி எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுப் பேச்சுபோலக் கேட்கும். ஒருநாள் அதில் அந்தப் பாட்டை முழுதாகப் போட்டபோது, பீடி சுற்றிக்கொண்டிருந்த அக்காமார் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். "ரேடியோக்காரன் என்னத்தையோ சேத்துப் பாடுதான்" என்றாள் ஒருத்தி.

பாலிடெக்னிக் முடித்து 1986இல் சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். டேப்புகளை அடுக்குவது, எடுத்துக் கொடுப்பது, ஹெட்டைத் துடைப்பது. மாஸ்டர் டேப்புகளை எல்லாம் அங்கே முடிவு வெளியே இருக்கும்படி, தலைகீழாகவே சுற்றி வைத்திருந்தார்கள். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் திருப்பிச் சுற்ற வேண்டும். வேலை மெனக்கெட்டு ஏன் இப்படி என்று அங்கிருந்த மூத்த பொறியாளரிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய ஸ்பூலை எடுத்துப் போட்டு, பாட்டு தொடங்காத வெற்றிடத்தில் வால்யூமை ஏற்றினார்.

கிணற்றடிக் குரல். பத்து வருடம் கழித்து, கோடம்பாக்கத்தில்.

டேப் என்பது காந்தத் தூள் பூசிய நாடா. சுருளில் ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று ஒட்டிக்கிடக்கிறது. உரத்த இடத்தின் காந்தம் பக்கத்துச் சுற்றில் லேசாகப் பதிந்துவிடும், சூட்டில் இன்னும் கூடுதலாக. சென்னையில் சூட்டுக்கு என்ன குறை? அது முன் சுற்றிலும் பதியும், பின் சுற்றிலும் பதியும். ஆனால் ஒரு பக்கம் சற்று அழுத்தமாகப் பதியும். முடிவு வெளியே இருக்கும்படி சுற்றி வைத்தால் அந்த அழுத்தமான நிழல் பாட்டுக்குப் பின்னால் விழும். பின்னால் வருவதை நாம் எதிரொலி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். முன்னால் வருவதுதான் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. பிரின்ட் த்ரூ என்று அவர் சொல்லிக்கொடுத்தார்.

மாமாவின் முன்சத்தத்துக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு மாதம்தான் நீடித்தது. மாஸ்டர் டேப்பில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வெள்ளை லீடர் நாடாவை ஒட்டுவது எங்கள் வேலைகளில் ஒன்று. லீடரில் காந்தப் பூச்சே கிடையாது. நிழல் விழுந்தால் எதில் பதியும்? நான் ஒட்டிய நாடாக்களில் பாட்டின் முதல் எடுப்புக்கு முன்னால் பேய்க்குரல் வரவே முடியாது. பாட்டுக்குள்ளே, ஒரு இடைநிறுத்தத்தில் வேண்டுமானால் வரலாம். ஆனால் மாமாவின் தட்டில் அது முதல் எடுப்புக்கு முன்னாலேயே வந்தது.

ஊருக்குப் போனபோது அந்த ஈ.பி.யை எடுத்துவந்தேன். கூடத்தில் வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அதைப் பதிந்தேன். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் ஸ்பூல்களைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டினேன். அப்படி உருட்டும்போது பாட்டு மாட்டின் முனகல்போலக் கேட்கும், ஆனால் ஒலி தொடங்கும் இடத்தை நூல் பிசகாமல் பிடித்துவிடலாம். பேய்க்குரல் தொடங்கும் இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. நிஜக்குரல் தொடங்கும் இடத்தில் இன்னொரு கோடு. வாட்ச்மேன் வீட்டிலிருந்து வாங்கிவந்த தையல் டேப்பை வைத்து அளந்தேன்.

சரியாக 20 அங்குலம்.

ஈ.பி. நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் விநாடிக்குச் சற்று மேலே, கணக்காகச் சொன்னால் 1.33 விநாடி. அதை 15ஆல் பெருக்கினால் 20 அங்குலம். இன்னும் இரண்டு ஈ.பி.யில் அளந்தேன், அதே 20. முன்சத்தம் இருந்த ஒரு எல்.பி.யில் அளந்தேன். அது நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்றும், சுற்றுக்கு 1.8 விநாடி. தையல் டேப் 27 அங்குலம் காட்டியது. டேப்பின் நிழலாக இருந்தால் இந்த ஒழுங்கு இருக்காது. பெரிய ஸ்பூலின் வெளிச்சுற்றில் இடைவெளி இரண்டு விநாடி இருக்கும், உள்ளே போகப் போகக் குறைந்து ஒரு விநாடிக்கும் கீழே போய்விடும். இது தட்டிலேயே பிறந்த குரல்.

பள்ளங்களை முதலில் வெட்டுவது லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில். சூடேற்றிய முள் அந்த மெல்லிய பூச்சை உழுதுகொண்டு போகிறது. உரத்த இடத்தில் பள்ளம் அகலமாக அலையும். அலையும்போது, பக்கத்தில் ஒரு சுற்றுக்கு முன்பே வெட்டி முடித்த பள்ளத்தின் சுவரை அது நெருக்குகிறது. சுவர் இளகியது, நெருக்கின தடம் அதில் நின்றுவிடுகிறது. ஆகவே முள் அந்த அமைதியான பள்ளத்தில் வரும்போது, பக்கத்து வீட்டில் அடுத்து நடக்கப்போவது சுவர் வழியாகக் கேட்கிறது. எங்கள் ஊர் ஈ.பி.க்களில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு வேண்டும், ஏழு அங்குலத் தட்டில் அதற்குப் பள்ளங்களை ஒட்ட ஒட்ட வெட்ட வேண்டும். முன்சத்தம் அங்கே குடியிருந்தது அதனால்தான். எண்பதுகளில் லாக்கருக்குப் பதிலாகச் செம்பிலேயே நேராக வெட்டும் முறை ஜெர்மனியிலிருந்து வந்தது. செம்பு அப்படி இளகிக் கொடுக்காது, அந்தத் தட்டுகளில் இந்தக் குரல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மாமாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அவர் பதில் ஒரு கார்டில் வந்தது. "அப்ப நான் சொன்னது சரிதான், பக்கத்துத் தெருவுல மேளம்" என்று எழுதியிருந்தார்.

அதிலிருந்து தட்டுகளில் பாட்டைவிடப் பாட்டுக்கு வெளியே இருப்பதைத் தேடுகிறவனாக ஆனேன். அப்போது மூர் மார்க்கெட் இல்லை, 1985இல் எரிந்துபோயிருந்தது. பழைய தட்டு விற்றவர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறியிருந்தார்கள். 1988இல் அங்கே மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' கிடைத்தது. ஜாஸ் எனக்குப் புதிது. புதிய இசை எதுவானாலும் சுருதிப்பெட்டியைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு, என் மனைவி பாட்டுக் கற்றுக்கொண்டிருந்ததால் வீட்டில் பெட்டி இருந்தது. முதல் பாட்டு இரண்டு கட்டையில் நிற்பதுபோல இருந்தது. பெட்டியை இரண்டு கட்டைக்கு வைத்தால் சேரவில்லை. இரண்டரைக்கும் சேரவில்லை. நடுவில் எங்கேயோ, கால் கட்டைக்கும் குறைவான ஒரு தூக்கல். பல்லில் மணல் கடிபடுவதுபோல இருந்தது.

பிளேயர் வேகமாக ஓடுகிறது என்று முடிவுகட்டி பெல்ட்டைக் கழற்றினேன். பிறகு யோசித்துத் தட்டைத் திருப்பிப் போட்டேன். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு ஐந்து கட்டையில் பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்தது. ஒரே பிளேயர், ஒரே தட்டு. ஒரு பக்கம் சேர்கிறது, ஒரு பக்கம் சேரவில்லை. என் மனைவி வந்து கேட்டாள், அவளுக்கும் அப்படியே. உலகம் கொண்டாடுகிற ஒரு தட்டில் இப்படி ஒரு பிழை இருக்குமா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. யாரிடம் கேட்பது? கேட்கவில்லை, மனத்தில் வைத்துக்கொண்டேன்.

விடை 1992இல் வெளியான மறுபதிப்போடு வந்தது. அந்தத் தட்டை இரண்டு நாட்களில் பதிந்திருக்கிறார்கள். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22. நியூயார்க்கில் கொலம்பியாவின் முப்பதாம் தெருக் கூடத்தில். மார்ச் 2 அன்று முக்கியமான ஒலிப்பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் கருவியில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை வேகமாகிவிடும், சுருதி ஏறிவிடும். முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் அன்று பதிந்தவை. காப்புக்காக இன்னொரு கருவியில் ஓடிய டேப் சரியான வேகத்தில் இருந்தது. 33 வருடம் கழித்து அதிலிருந்து எடுத்துத் திருத்தினார்கள். இடையில் எத்தனை பேர் அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகி, தங்கள் வாத்தியத்தின் சுருதியைச் சந்தேகித்திருப்பார்கள்! அந்தச் செய்தியைப் படித்த அன்று சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பது ரூபாய்ப் பெட்டி அது.

வேகத்தின் பிழை பழைய அரக்குத் தட்டுகளில் இன்னும் அதிகம். 78 என்று சொல்கிறோமே தவிர, தொடக்க காலத்தில் ஒவ்வொருவரும் எழுபதுக்கு மேலே எண்பது வரை தோன்றிய வேகத்தில் பதிந்தார்கள். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 74இல் பதிந்த பாடகரை 78இல் ஓட்டினால் கிட்டத்தட்ட அரைக்கட்டை உயர்ந்து, கமகங்கள் எல்லாம் அவசரப்பட்டு, குரலும் பிள்ளைக்குரலாகிவிடும். பழைய பாடகர்களுக்கு எல்லாம் மெல்லிய குரல், பறக்கிற பிருகா என்று நாம் பேசிக்கொள்கிறோம். தட்டுக்கு மூன்றரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு நம்முடைய மோட்டாருடையது என்று பார்க்காமல் ஒரு குரலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஒரு சேகரிப்பாளர் வீட்டில் கௌஹர் ஜானின் தட்டு ஒன்றைக் கேட்டேன். 1902இல் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிந்தபோது தட்டுக்காகப் பாடத் தொடங்கியவர் அவர். பாட்டு முடிந்ததும், மூச்சு வாங்க நேரமில்லாமல், உரத்த குரலில் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்கிறார். தட்டுகள் அழுத்தப்பட்டது ஜெர்மனியின் ஹனோவரில். மொழி தெரியாத தொழிலாளி எந்தத் தட்டு யாருடையது என்று கண்டுபிடித்து லேபிள் போட அந்த அறிவிப்பு உதவியது. கல்யாணத்தில் தலைகுனிந்து நின்ற மாமா என் நினைவுக்கு வந்தார். பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் லேபிள் மாறினாலும் ஆள் மாற முடியாது.

அதே வீட்டில், பெயர் அழிந்துபோன ஒரு தமிழ் அரக்குத் தட்டில், வித்வான் ஒரு சங்கதியைப் போட்டு இறங்கும்போது பின்னால் யாரோ அடித்தொண்டையில் "பலே" என்று சொல்வது கேட்டது. பக்கவாத்தியக்காரராக இருக்கலாம், கூட வந்தவராக இருக்கலாம். ஒலிவாங்கும் கொம்புக்கு எதிரே பேசக்கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருப்பார்கள். மனிதருக்கு அடங்கவில்லை. நான்கு தடவை போட்டுக் கேட்டேன். பாடியவரைவிட அவர் எனக்கு நெருக்கமானவராகிவிட்டார்.

நல்ல ஸ்பீக்கர் வாங்கிய பிறகு வேறு உலகம் திறந்தது. மாமாவின் குழாயில் அடிநாதமே வராது, அது ஊருக்குக் கேட்கிற கருவி. லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிந்த மேற்கத்திய சங்கீதத் தட்டுகளில், வயலின்கள் அடங்குகிற இடத்தில் தரைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் எழுந்து போகும். ஹாலுக்கு அடியில் ஓடிய சுரங்க ரயில் அது. பீட்டில்ஸ் 1967இல் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அழுத்திய ஒரு கடைசி ஸ்வரக்கூட்டு, தேய்ந்து தேய்ந்து போகிறது. போகப் போக ஒலிப்பதிவாளர் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார். அந்த உச்சத்தில் யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சிடுகிறது. கிளென் கோல்டின் 1955 பாக் தட்டில் பியானோவுக்கு நடுவே அவரே முனகிக்கொண்டு கூடவருவது கேட்கும். இவை எல்லாம் பலருக்கும் தெரிந்தவை.

எனக்குத் தெரிந்த தட்டுக்கு வருகிறேன். காசெட் வந்தது, மாமாவின் தட்டுகள் பரண் ஏறின. நாற்பது வருடம் குழாய்க்கு அடியில் நின்றதில் கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு காது முற்றிலும் போய்விட்டது. அவர் போன மறுவருடம், 2011இல், தகரப் பெட்டியை இறக்கி எடுத்துவந்து எல்லாத் தட்டுகளையும் கணினியில் ஏற்றினேன். மஞ்சள் பொட்டு வைத்த தட்டுகள் நூற்றுக்கும் மேல். கழுவி, துடைத்து, காயவைத்து, ஒவ்வொன்றாக.

அந்த ஈ.பி. கடைசியில் வந்தது. என்னுடைய பிளேயரின் கை இலேசானது, முள் நுட்பமானது. கீறல் வந்த இடத்தில் 'டொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தாண்டவில்லை. பள்ளத்திலேயே போனது. ஒரு தலைமுறை கேட்காத அந்த இரண்டு சொற்களும் மாமாவின் தட்டிலேயே, பழுதில்லாமல், முப்பது வருடமாக இருந்திருக்கின்றன. மென்பொருளில் அந்த 'டொப்'பையும் தேடி எடுத்துவிட்டேன். முன்சத்தத்தின் மேல் கைவைக்கவில்லை. நீக்க முடியுமா என்று பார்க்கக்கூட மனம் வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தைக்கு அதைப் போட்டுக் காட்டினேன். திண்ணையில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். சின்ன ஸ்பீக்கர்தான், ஆனாலும் முன்சத்தம் கேட்டது. அத்தைக்கும் கேட்டிருக்க வேண்டும், நிஜக்குரல் வருவதற்குள் அவள் தலை நிமிர்ந்துவிட்டது. "இது நம்ம தட்டாடே?" என்றாள். ஆமாம் என்றேன். பூவிலிருந்து கையை எடுக்காமல் கூடவே பாட ஆரம்பித்தாள், சுருதி விலகாமல், பல்லவி, முதல் சரணம், எல்லாம் ஒன்றாக.

இரண்டாவது சரணத்தில் அந்த இடம் வந்தது. அத்தை வழக்கம்போலத் தாண்டினாள். பாட்டு தாண்டவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாரை இழுத்து முடிச்சுப் போட்டபடி அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போக, தட்டிலிருந்த குரல் அதே சொற்களை எடுத்துக்கொண்டு இருபது அங்குலம் பின்னால் வந்துகொண்டிருந்தது.